இரவல் வண்டியும் பூசணிக்காய்ச் சோறும்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்த அதே வாரம், குழந்தைச் சாமான்கள் விற்கும் நாலு மாடிக் கடை ஒன்றுக்கு அவனை வேலைக்கு அனுப்பினார்கள். லிஃப்டின் கதவு பாதியில் நின்றுவிடுகிறது என்று புகார். என்ன கோளாறு என்று பார்க்க அவன் உள்ளேயே நின்றுகொண்டு மேலும் கீழும் போய் வந்தான். முதல் ஒரு மணி நேரத்தில் கோளாறு பிடிபட்டுவிட்டது. ஆனால் வேறொன்றும் கண்ணில் பட்டுவிட்டதால் அங்கிருந்து நகர மனம் வரவில்லை. மேலே போகும்போது ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு போகிற புருஷனும் பெண்டாட்டியும், கீழே வரும்போது ஆளுக்கொரு மூலையில் நின்று மாடி எண்ணையே வெறித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஒரு அட்டைப் பெட்டி இருக்கும். பெட்டியின் மேல் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அந்த லிஃப்டில் சிரித்தது அது ஒன்றுதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூன்றாம் மாடிக்குப் போய் ஒரு குழந்தைக் கட்டிலின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தான். புள்ளி எங்கோ இடம் மாறி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பக்கத்துக் கட்டிலின் சீட்டையும் பார்த்தான். புள்ளி அங்கேயும் அதே இடத்தில்தான் இருந்தது.

அன்று மாலை சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் அறிவித்தான்.

"பிறக்கப்போறது மூணு கிலோ. அதுக்கு முந்நூறு கிலோ சாமான் எதுக்கு? ஒரு பொருள்கூடப் புதுசா வாங்கப்போறதில்லை. எல்லாமே இரவல்தான்."

அவன் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். மயிரிழை பிசகினாலும் லென்ஸ் சட்டத்தில் உட்காராது என்பதால், எதையும் ஒருமுறை நிதானமாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"இரவல் கொடுக்கிறவங்க சும்மா கொடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாம் சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க. அவங்க என்ன வாடகையா கேட்கப்போறாங்க?"

வாடகையை யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான்.

முதலில் அவன் அக்கா வீட்டுக்குப் போனான். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் படுத்து வளர்ந்த கட்டில் பரணில் போர்வை சுற்றிக் கிடந்தது.

"எடுத்துட்டுப் போடா தம்பி. உனக்கில்லாததா? ஒரு கீறல்கூட விழாம வச்சிருக்கேன்" என்றாள் அக்கா. அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அடுத்து, கம்பெனியில் அவனுக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசர். அவரிடம் ஒரு தள்ளுவண்டி இருந்தது. "அதை வெறும் வண்டின்னு நினைச்சுடாதப்பா. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங்" என்று சொல்லி, வண்டியை மடிப்பது எப்படி, விரிப்பது எப்படி, ஏன் அதை ஒருபோதும் அவசரமாக மடிக்கக் கூடாது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். மூன்றாவது ஆள் மனைவியின் சித்தி. இரண்டு மூட்டை உடுப்புகளும் ஒரு குளிப்பாட்டும் தொட்டியும் கொடுத்தாள். ஒவ்வொரு உடுப்பும் அந்தந்தப் பிறந்தநாளின் கதையோடு வந்தது.

துணி நாப்கினுக்கு அவனே வழி கண்டுபிடித்தான். அலமாரியில் பழைய கம்பெனிச் சட்டைகள் பதினாலு கிடந்தன. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன துணி. அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி ஓரம் தைத்தான். சட்டையின் முதுகில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த கம்பெனிப் பெயர் மட்டும், எப்படி மடித்தாலும் குழந்தையின் பின்பக்கத்துக்கே வந்து சேர்ந்தது.

கம்பெனியில் தேநீர் குடிக்கும் இடத்தில் அவன் பேர் பெற்றுவிட்டான். பைசா செலவில்லாமல் பிள்ளை வளர்க்கப்போகிறவன் என்று ஆளாளுக்கு வந்து யோசனை கேட்டார்கள். கல்யாணமே ஆகாதவர்கள்கூடக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். "ஆசையைக் குறைச்சா போதும், ஆண்டவன் சாமானை அனுப்புவான்" என்று சொல்லும் அளவுக்கு அவன் முற்றிப்போயிருந்தான்.

குழந்தை பிறந்தது. பெண். பந்து மாதிரி இருந்ததால் உருண்டை என்று கூப்பிட ஆரம்பித்து, சான்றிதழில் இருக்கும் பெயர் எல்லோருக்கும் மறந்தே போயிற்று.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்தாள். கூடவே அவள் கணவர், அவனுக்கு மாமா. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள் அறைக்குப் போனாள். கட்டிலின் விளிம்பில் விரலை ஓட்டி, விரலைத் திருப்பிப் பார்த்தாள். நாலு காலையும் குனிந்து பார்த்தாள். மெத்தையைத் தூக்கி அடிப்பலகையைத் தட்டினாள். பிறகுதான் மெத்தையின் மேல் ஏதோ இருப்பது ஞாபகம் வந்தது போல, "அட, தூங்குறாளா?" என்றாள்.

"ஜன்னல் பக்கமா போட்டிருக்கீங்களே, வெயில் பட்டா மரம் வெளுத்துடாதா?" என்று தம்பி மனைவியைக் கேட்டாள்.

"நகர்த்திடறோம் அண்ணி" என்றாள் அவள். பிரசவமாகிப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் கட்டில் கொடுத்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? அவன் ஓடிப்போய்க் கோழி வாங்கி வந்தான். அவள் குழம்பு வைத்து, வறுத்து, கடைசியில் ஒரு இனிப்பும் செய்தாள். அக்கா சாப்பிட்டுவிட்டு, போகும்போது கட்டிலை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும்.

புதன்கிழமை மாலைகளில் சூப்பர்வைசர் தன் மனைவியோடு வந்தார். சட்டைப் பையில் சின்ன எண்ணெய்ப் புட்டி வைத்திருப்பார். வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுழற்றி, காதை வைத்துக் கேட்பார்.

"ஈரத்துல ஓட்டினியா?"

"இல்ல சார். வீட்டைவிட்டு வெளியவே கொண்டு போகலை."

"அதுவும் தப்பு. ஓட்டாம வச்சா ஸ்பிரிங் இறுகிடும்."

மேலதிகாரிக்குச் சாதாரணச் சாப்பாடு போட முடியுமா? புதன்கிழமைகளில் மீன் வறுத்தார்கள்.

சித்தி வருகிற நாள் யாருக்கும் தெரியாது. வருகிறபோது குழந்தை அவள் கொடுத்த உடுப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகம் சுருங்கி, "பழசுதானே, பிடிக்கலைன்னா சொல்லிடு கண்ணு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்பாள். நினைத்துக்கொள்வாள் என்பது லிஃப்ட்காரன் மனைவிக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். எனவே அழைப்பு மணி அடித்ததும் கதவுத் துளையில் பார்த்து, சித்தியாக இருந்தால், "இதோ வந்துட்டேன் சித்தி" என்று குரல் கொடுத்துக்கொண்டே உருண்டைக்கு உடுப்பு மாற்றினாள். அரை நிமிடத்தில் கழற்றி மாட்டும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

உருண்டைக்கு மூன்று மாதம் முடிந்த ஞாயிறன்று மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். கட்டிலில் படுக்க வைத்தால் சூப்பர்வைசர் வண்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வண்டியில் வைத்தால் அக்கா, "கட்டில் காலியா இருக்கே, உறுத்துதோ?" என்று கேட்டாள். சித்தி, தான் கொடுத்த மஞ்சள் உடுப்புக்குப் பதில் வேறொரு பச்சை உடுப்பில் குழந்தை இருப்பதைக் கவனித்து முகத்தைச் சுருக்கிக்கொண்டாள். லிஃப்ட்காரன் மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துப் போய் யோசனை சொன்னான்.

"ஷிஃப்ட் போட்டுடலாம். கட்டில்ல பத்து நிமிஷம், வண்டில பத்து நிமிஷம்."

"அதுக்கு டைம் பார்க்க ஒரு ஆளை வேணா இரவல் வாங்கிட்டு வாங்க" என்றாள் அவள், கரண்டியைக் கீழே வைக்காமல்.

அதற்குள் உருண்டை தானே ஒரு முடிவு எடுத்து நாப்கினை நனைத்துவிட்டது. மாற்றுவதற்காகத் திருப்பியபோது கம்பெனிப் பெயர் பளிச்சென்று எல்லோர் கண்ணிலும் பட்டது. சூப்பர்வைசர் எழுந்து நின்றார். கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று அவருக்கே விளங்கவில்லை. கடைசியில், "எழுத்து மங்கவே இல்லை பார்த்தியா? அந்தக் காலத்து அச்சு" என்று சொல்லி உட்கார்ந்தார்.

இப்படியே போனதில் வீட்டுச் சமையல் செலவு விழி பிதுங்க வைத்தது. இந்தக் காசுக்கு நாலு மாடிக் கடையிலேயே ஒரு கட்டில் வாங்கியிருக்கலாம் என்று ஒருநாள் லிஃப்ட்காரனுக்கே தோன்றியது. ஆனால் தேநீர் குடிக்கும் இடத்தில் பெற்ற பேரை நினைத்து அதை யாரிடமும் சொல்லவில்லை.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது டாக்டர், இனி சோறு மசித்துக் கொடுக்கலாம் என்றார். கடையில் குழந்தை உணவு ஒரு புட்டி என்ன விலை என்று அவள் கேட்டுப் பார்த்தாள். உள்ளே இருந்தது மசித்த கேரட், வெளியே இருந்த விலை கேரட்டுக்குச் சம்பந்தமில்லாதது. வீட்டுக்கு வந்து குக்கரில் ஒரு குவளை அரிசி, அரைக் குவளை பருப்பு, பூசணிக்காய் இரண்டு துண்டு, ஒரு கேரட் போட்டுத் தளரத் தண்ணீர் விட்டு ஒன்றாக வேகவைத்தாள். உப்பு போடுவதற்கு முன்னால் குழந்தைக்கு ஒரு கிண்ணம் எடுத்து மசித்தாள். மீதியில் உப்பும் மிளகும் போட்டு, வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்து மேலே கொட்டினாள். ஆளுக்கொரு அவித்த முட்டை. அரை மணி நேரத்தில் மூன்று பேருக்கும் சாப்பாடு முடிந்து, கழுவ ஒரே ஒரு பாத்திரம் இருந்தது. அவள் அந்தக் குக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இனிமே யார் வந்தாலும் இதுதான்" என்றாள் கணவனிடம்.

"அக்காவுக்குமா? சூப்பர்வைசருக்குமா?"

"உருண்டைக்குப் போடறதைவிட உசத்தியா அவங்களுக்கு எதுக்குப் போடணும்? பிடிக்கலைன்னா வர்றது குறையும். குறையட்டுமே."

திட்டம் அவனுக்கும் பிடித்திருந்தது. அந்த ஞாயிறு அக்காவுக்கும் மாமாவுக்கும் தட்டில் மஞ்சள் நிறமாய்ச் சோறு விழுந்தது. அக்கா தட்டைப் பார்த்தாள், சமையலறைப் பக்கம் பார்த்தாள், பின்னால் இன்னும் எதுவும் வரவில்லை என்று புரிந்ததும் வாயை இறுக்கிக்கொண்டாள். மாமா ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். தட்டு காலியானது.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றார்.

மாமாவுக்கு ஒரு வருஷமாக இரத்த அழுத்தம். உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அக்கா குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்துவிட்டு, அதே பெட்டியிலிருந்து ஊறுகாய் எடுத்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள். "வீட்டுல இப்படிச் செஞ்சா வாயில வைக்க மாட்டாரு. இங்க பாரு, வழிச்சு வழிச்சுச் சாப்பிடறாரு" என்றாள். அவளுக்குக் கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. புதன்கிழமை வண்டியைப் பார்க்க வந்த சூப்பர்வைசரும் அதையே சாப்பிட்டார். மறுநாள் வேலையிடத்தில் லிஃப்ட்காரனைத் தனியாகக் கூப்பிட்டு, பத்து வருஷமாக எரிந்துகொண்டிருந்த வயிறு நேற்று ராத்திரி எரியவில்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உன் வீட்டுக்காரம்மா கையில ஏதோ இருக்குப்பா. வெள்ளிக்கிழமையும் வண்டியை ஒருதரம் பார்த்துடறேன்."

சித்தி, கேட்கவே வேண்டாம். அவளுக்குப் பல் சரியில்லை. இத்தனை நாளும் கோழியைக் கடித்துவிட்டு வாய் பேசாமல் போனவள், இப்போது இரண்டு நாளைக்கொருமுறை வந்தாள்.

ஆக, வருகிறவர்கள் குறையவில்லை, கூடினார்கள். அதோடு, வெறுங்கையோடு வந்து சாப்பிட அவர்களுக்கே ஒரு மாதிரி இருந்ததால், ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு சாமானை இரவல் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா ஒரு நடைவண்டி கொடுத்தாள். சூப்பர்வைசர் உயரமான சாப்பாட்டு நாற்காலி கொடுத்தார். சித்தி இன்னொரு தொட்டி கொண்டு வந்தாள். முதல் தொட்டி வெயில் காலத்துக்காம், இது குளிர் காலத்துக்காம். ஒருநாள் அதே கட்டிடத்தின் நாலாம் மாடியில் தனியாக இருக்கும் டிரைவிங் மாஸ்டர் மணி அடித்தார். ஐம்பது வயது, கல்யாணம் ஆகாதவர், ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கையில் வாத்து வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் இருக்கை. குழந்தைகள் வெளிக்குப் போக உட்காருவது.

"எனக்கு முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது. பாப்பாவுக்கு ஆகுமேன்னு..." என்று இழுத்தவர், மூக்கை உறிஞ்சி, "வெங்காயம் வறுக்கிற வாசனை மேல வரைக்கும் வருது" என்றார். வாத்து வரவேற்பறையில் வைக்கப்பட்டது. மாஸ்டர் சாப்பிட உட்கார்ந்தார்.

இரண்டு அறை வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போனது. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதற்குள் ஒரு தொட்டியைத் தாண்டி, வண்டியைச் சுற்றி, நாற்காலிக்கு அடியில் குனிய வேண்டியிருந்தது. தவழக் கற்றுக்கொண்ட உருண்டை ஒரு முழம் தவழ்ந்து, எதன்மேலாவது முட்டி, திரும்பிவந்தது. எல்லாவற்றின் மேலும் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்வது அதன் அம்மாவின் வேலை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நாள், கம்பெனியில் அவனோடு வேலை பார்க்கும் ஒருவன் தன் மனைவியோடு வந்திருந்தான். அந்த மனைவியும் முழுகாமல் இருந்தாள். "அண்ணன்கிட்ட பாடம் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றான். லிஃப்ட்காரன் சாய்ந்து உட்கார்ந்து, பைசா செலவில்லாமல் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று ஆரம்பித்தான். உள்ளே எட்டாவது தட்டைக் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி குழாயை மூடினாள். முழுவதையும் கேட்டாள். பிறகு குழாயைத் திறந்து மீதித் தட்டுகளைக் கழுவினாள்.

மறுநாள், பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குப் போகாமலிருந்த அவள், தன் கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்குப் போன் செய்தாள்.

"என்னிக்கு வரச் சொன்னாலும் வரேன்மா. ஞாயித்துக்கிழமைதான் கூட்டம் ஜாஸ்தின்னா ஞாயித்துக்கிழமையே வரேன்."

லிஃப்ட்காரன் பதறினான். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்களே!"

"வரட்டும். சாதாரணச் சாப்பாடுதானே? ஒரே பாத்திரம். அரிசி, பருப்பு, பூசணிக்காய். நீங்கதான் எல்லாருக்கும் சொல்லித் தர்றீங்களே" என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிறு ஒன்பது மணிக்குத் தலை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒன்பதரைக்கு அவன் பூசணிக்காயை எடுத்தான். அதன் தோல் இவ்வளவு கெட்டி என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. கத்தியை அழுத்தியபோது உருண்டை வந்து காலைக் கட்டிக்கொண்டது. தூக்கினால் நறுக்க முடியவில்லை, இறக்கினால் அழுதது. நாற்காலியில் வைத்தால் தட்டைத் தூக்கிப் போட்டது. பத்தரைக்கு அக்காவும் மாமாவும் வந்தார்கள். பத்தே முக்காலுக்குச் சித்தி. பதினொன்றுக்குச் சூப்பர்வைசர் மனைவியோடு வந்து சேர்ந்தார். மாஸ்டர் தன் தட்டைத் தானே கொண்டு வந்திருந்தார். ஏழு பேருக்கு எத்தனை குவளை அரிசி, எவ்வளவு தண்ணீர் என்று அவனுக்குத் தெரியவில்லை. மனைவிக்குப் போன் செய்தான். கடையில் கூட்டம், எடுக்கவில்லை. குத்துமதிப்பாகப் போட்டு அடுப்பில் ஏற்றினான்.

வரவேற்பறையிலிருந்து குரல்கள் வந்தன.

"டேய் தம்பி, கட்டில் கம்பில பல்லு பட்டிருக்குடா! கடிக்க விட்டிருக்கீங்க!"

"மாப்பிள்ளை, பாப்பா இன்னும் ராத்திரி உடுப்புலயே இருக்கா?"

"ஒரு சக்கரம் கத்துதுப்பா. எண்ணெய் எங்க?"

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மாஸ்டர் மரியாதையாகக் கேட்டார்.

அப்போதுதான் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. குக்கரைத் திறக்க ஓடினான். இடுப்பில் இருந்த குழந்தையின் வலது கை அவன் தலைமுடியில் இருந்தது. திரும்பியதில் வெங்காயத் தட்டு கீழே விழுந்தது. சத்தம் கேட்டு ஒருவரும் எழுந்து வரவில்லை. அக்கா மட்டும், "எது விழுந்துச்சு? நம்ம நடைவண்டியா?" என்று உட்கார்ந்தபடியே கேட்டாள்.

லிஃப்ட்காரன் இடுப்பில் குழந்தையோடும் தலையில் வெங்காயத் தோலோடும் வந்து அறை நடுவில் நின்றான்.

"உங்க சாமானை எல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க."

"என்னடா சொல்ற?"

"கட்டிலு, வண்டி, தொட்டி, வாத்து. எல்லாத்தையும். இன்னிக்கே. எங்களால பார்த்துக்க முடியலை. குழந்தையைப் பார்த்துக்கறோம். அதுக்கே ரெண்டு கை போதலை."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரவல் கொடுத்தவர்களுக்கு இதுதான் மரியாதையா என்று சித்தி கேட்டாள். சூப்பர்வைசர், நாளைக்கு வேலைக்கு வருவாய் அல்லவா என்று மட்டும் கேட்டார். அக்கா எழுந்து போய்க் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து மாமாவைப் பார்த்தாள். மாமா அடுப்பங்கரைப் பக்கம் ஏக்கமாகப் பார்த்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார்.

அந்தக் கட்டிடத்தின் லிஃப்ட் ஒரு மாதமாக ஓடவில்லை. அது வேறு கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருந்ததால் லிஃப்ட்காரன் அதில் கை வைக்க முடியாது. எனவே மூன்று மாடிப் படிக்கட்டில் ஊர்வலம் இறங்கியது. முன்னால் கட்டில், அதன் பின்னால் தலைமேல் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு சித்தி, கடைசியில் மடிக்க அவசரப்படக் கூடாது என்பதால் மடிக்காமலே தூக்கிவந்த வண்டியோடு சூப்பர்வைசரும் மனைவியும். மாடிப்படித் திருப்பத்தில் கட்டில் மாட்டிக்கொண்டது. வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாஸ்டர் மேலிருந்து வழி சொன்னார்.

"ரிவர்ஸ் எடுங்க... இன்னும்... போதும். இப்ப லெஃப்ட்ல ஒடிங்க. பதறாதீங்க, பின்னாடி வண்டி வருது."

கட்டிலில் அன்று நாலு கீறல் விழுந்தது. நாலும் அக்கா கையால் விழுந்தவை.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் மனைவி வந்து கதவைத் திறந்தவள், வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் வாசலிலேயே நின்றாள். அறை வெறிச்சென்றிருந்தது. உருண்டை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் தவழ்ந்து, தொட்டு, சத்தமாகச் சிரித்து, திரும்பிவந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"கட்டில் எங்க?"

"போயிடுச்சு."

"வண்டி?"

"அதுவும்தான். அக்கா பேச மாட்டேன்னு சொல்லிட்டா. சூப்பர்வைசர் என்ன பண்ணப்போறாரோ தெரியலை."

அவள் பையை வைத்துவிட்டு அறை நடுவில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள். ஒன்றிலும் இடிக்கவில்லை.

"சாப்பிட்டீங்களா?"

"அடிப்பிடிச்சிடுச்சு."

அவள் குக்கரைத் திறந்து, கருகாத மேற்பகுதியை மட்டும் அள்ளி, இரண்டு தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். அவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினான்.

"இத்தனை மாசமா இவ்வளவு பேருக்கு இதை நீ எப்படிச் செஞ்ச?"

"பைசா செலவில்லாமதான்" என்றாள்.

அவன் சாப்பிட்டு முடித்து அடிப்பிடித்த குக்கரைத் தானே எடுத்துப் போய்த் தேய்த்தான். அது வெளுக்க மூன்று நாள் ஆயிற்று.

கட்டில் இல்லாததால் உருண்டை தரையில் விரித்த மெத்தையில் இருவருக்கும் நடுவில் தூங்கியது. தொட்டி இல்லாததால் துணி அலசும் பேசினில் குளித்தது. தெருமுனைக் கடையில் ஆறு உடுப்பு வாங்கினார்கள். எட்டு மாதக் குழந்தைக்கு வேறு எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை என்பது இருவருக்கும் ஆச்சரியமாக இருந்தது. கம்பெனிப் பெயர் போட்ட நாப்கின் மட்டும் பழையபடியே இருந்தது. சூப்பர்வைசர் அவனை ஊரின் கடைசியில் இருக்கும் பழைய லிஃப்டுகளாகப் பார்த்து மூன்று வாரம் அனுப்பினார். நாலாவது வாரம் திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டு, வேலைச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பேனாவை எடுத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அரிசி ஒண்ணுக்குப் பருப்பு எவ்வளவுப்பா? பாதியா?"

"பாதி சார்."

"என் வீட்டுக்காரி கால்தான் போடறா. மறுபடியும் எரியுது."

சித்தி தன் மூட்டைகளை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அந்த வீட்டில் எலும்புக் குழம்பு வைக்கிறார்களாம், பல் படாத பாடு படுகிறதாம்.

மாமா, ஊர்வலம் நடந்த வாரமே, செவ்வாய்க்கிழமை மாலையில் தனியாக வந்துவிட்டார். கக்கத்தில் ஒரு பூசணிக்காய்.

"இது இரவல் இல்லம்மா, திருப்பித் தர வேண்டாம்" என்றார் வாசலில் நின்றபடி. "சாப்பிடலாம்னு வந்தேன். அவளுக்குத் தெரியாது."

"உள்ள வாங்க அண்ணா" என்றாள் அவள். "ஆனா நறுக்கறது நீங்கதான்."

மாமா நறுக்கினார். மெதுவாக, கோணல் மாணலாக, நாக்கைக் கடித்துக்கொண்டு நறுக்கினார். லிஃப்ட்காரன் வெங்காயம் உரித்தான். அடுத்த செவ்வாயும் மாமா வந்தார். மாடியிலிருந்து மாஸ்டரும் முட்டை நாலு எடுத்துக்கொண்டு இறங்கிவந்தார், சாப்பிட்டதும் தட்டுகளையும் அவரே கழுவினார்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை மாமாவுக்குப் பின்னாலேயே அக்கா வந்து நின்றாள். வீட்டில் வாங்குகிற பூசணிக்காயெல்லாம் ஏன் காணாமல் போகிறது என்று கண்டுபிடிக்க வந்தவள்.

அக்கா உள்ளே வந்து சுவரோரம் இருந்த மடக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பார்க்க ஒன்றுமே இல்லாததால் அவளுக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். அதற்குள் உருண்டை தவழ்ந்துவந்து அவள் முழங்காலைப் பிடித்து, முக்கி, எழுந்து நின்றது. நின்றுகொண்டு அவள் மூக்கைக் கூர்ந்து பார்த்தது.

"டேய்! நிக்கிறாடா!" என்று அக்கா கத்தினாள். "நீங்க யாராச்சும் பார்த்தீங்களா? முன்னாடி நின்னிருக்காளா?"

"இல்ல அண்ணி, இதுதான் முதல்" என்றாள் தம்பி மனைவி.

அக்கா குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் மேல் எச்சில் வடித்தது. துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "பசங்க ரெண்டு பேரும் போன் பண்ணி நாலு வாரம் ஆகுது" என்றாள்.

தம்பி மனைவி ஒரு தட்டில் நாலு வெங்காயமும் கத்தியும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் நறுக்கித் தர்றீங்களா?"

இந்த வீட்டில் இதுவரை யாரும் அக்காவுக்கு வேலை சொன்னதில்லை. அவள் கத்தியைப் பார்த்தாள், தம்பி மனைவியைப் பார்த்தாள், குழந்தையை மாமாவிடம் கொடுத்துவிட்டு நறுக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வெங்காயத்தில் நிறுத்தினாள்.

"இது கத்தியா, கரண்டியா? மொக்கையா இருக்கு. அடுத்த வாரம் எங்க வீட்டுக் கத்தியைக் கொண்டு வந்து தர்றேன், வச்சுக்கங்க."

"வேண்டாம்!" என்று லிஃப்ட்காரனும் அவன் மனைவியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அடுத்த செவ்வாய் அக்கா கத்தியைக் கொண்டுதான் வந்தாள். வெங்காயத்தை நறுக்கி முடித்ததும் கழுவி, துடைத்து, துணியில் சுற்றித் தன் பையிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.